பசித்த குடல்

காலை ஏழு மணிக்கு ஜீவிதா முதல் கோப்பையை ஊற்றினாள். நூற்றிருபது மில்லி. பால் நிறம், பாகற்காய்க் கசப்பு, அரிசி கழுவிய தண்ணீரின் வாடை. கடைசிச் சொட்டு வரை குடிக்க வேண்டும். பிறகு மூன்று மணி நேரம் பெஞ்சில் உட்கார்ந்திருக்க வேண்டும். நடக்கக் கூடாது, தூங்கக் கூடாது, வாந்தி எடுக்கவே கூடாது. எடுத்தால் அந்த வருடத்துக்கு அவ்வளவுதான்.

"ஏம்மிணி, இதுல ஒரு கரண்டி சர்க்கரை போட்டா அரசாங்கம் முழுகியா போயிரும்?" என்றார் முதல் ஆள். சிரிக்க முயன்றார்.

"மூக்கைப் புடிச்சுக்கிட்டு ஒரே மடக்காக் குடிச்சுருங்கண்ணா. நெனச்சா எறங்காது."

நாமக்கல் நான்காம் அளவு நிலையத்துக்கு ஒரு நாளைக்கு நாற்பது பேர் வருவார்கள். எல்லாரும் அறுபது தாண்டியவர்கள். ஒன்பது வருடமாக ஜீவிதாவுக்கு இதே மேசை, இதே வேலை. கோப்பையில் இருப்பது அடையாளமிட்ட அமினோ அமிலக் கரைசல். மூன்று மணி நேரம் கழித்து விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்து ஒளிமானியில் வைத்தால், குடித்ததில் எத்தனை பங்கு ரத்தத்துக்கு வந்து சேர்ந்தது என்று திரை சொல்லும். அந்த எண்ணுக்கு அரசு வைத்த பெயர் ஈர்ப்பெண். ஜனங்களுக்கு அது வெறும் ஸ்கோர். ஐம்பது வந்தால் வெள்ளை அட்டை. நாற்பத்தொன்பது வந்தால் பழுப்பு அட்டை.

வெள்ளை அட்டைக்கும், அறுபதைத் தொடாதவர்களுக்கும் தினம் ஒரு கட்டி கிடைக்கும். சோப்பு அளவில், சாம்பல் நிறத்தில், உப்புச் சப்பில்லாத புரதக் கட்டி. பழுப்பு அட்டைக்குக் கஞ்சி மாவு மட்டும்.

இருபது வருடத்துக்கு முன் சாம்பல் கழிச்சல் என்ற கோழி நோய் வந்தது. ஒரே மாதத்தில் ஜில்லாவில் ஒரு கோழி மிஞ்சவில்லை. அடுத்தடுத்த கோடைகளில் துவரை கருகியது, உளுந்து கருகியது, மாடுகள் போயின. முட்டைக்குப் பேர்போன ஊரின் நீள நீளமான கோழிப்பண்ணைக் கொட்டகைகளில் இரும்புக் கலன்களை நிறுத்தி, நுண்ணுயிர் வளர்த்து, வடிகட்டி, அழுத்திக் கட்டியாக்கினார்கள். எல்லாருக்கும் அது போதவில்லை. அப்போதுதான் புரத ஆணையம் அந்தச் சட்டத்தைக் கொண்டுவந்தது. வயதானவர் குடல் சத்தை உறிஞ்சாது, கொடுப்பதெல்லாம் வீண் என்றார்கள். நிலையத்தின் சுவரில் பெரிய எழுத்தில் எழுதியிருந்தது: 'ஓட்டைப் பானையில் ஊற்றாதே.'

யாரையும் யாரும் கொல்லவில்லை. பழுப்பு அட்டைக்காரர் வீட்டிலேயே இருப்பார். நாலு மாதத்தில் கை சூம்பும். ஆறு மாதத்தில் படியேற முடியாது. ஏதோ ஒரு நாள் குளியலறையில் விழுவார். சான்றிதழில் நிமோனியா என்று வரும்.

பெஞ்சில் நாற்பது பேரும் நடுங்கிக்கொண்டிருந்தார்கள். பயத்தால் மட்டுமல்ல. நாற்பது பேரும் பட்டினி. ஊரில் அதற்குப் பெயர் காயப்போடுவது. அளவு நாளுக்கு மூன்று நாள் முன்பிருந்து வயிற்றைக் காயப்போட வேண்டும். 'பசிச்ச குடலு பறிக்கும்' என்பது இந்த இருபது வருடத்தில் பிறந்த பழமொழி. ஜீவிதாவே எத்தனையோ பேரிடம் காதோடு சொல்லி அனுப்பியிருக்கிறாள்: "நல்லாக் காயப்போட்டுட்டு வாங்க."

அவள் வீட்டிலும் ஒருவர் காய்ந்துகொண்டிருந்தார். கணவன் பிரணவ். வயது அறுபத்தொன்று. போன வருடம் ஐம்பத்து மூன்று வாங்கித் தப்பினார். நாளைக் காலை அவருக்குக் கோப்பை.

அந்த நினைப்பில் அவள் மூன்றாவது கோப்பையைக் கொஞ்சம் சிந்திவிட்டாள்.

எட்டு மணிக்கு வாசலில் சத்தம் கேட்டது. சாலை ஆய்வாளர்கள் இரண்டு பேர் ஒரு தடித்த ஆளை இழுத்துவந்தார்கள்.

"மோகனூர் சாலை செக்போஸ்ட்ல மாட்டினாருங்க. பதினோரு வருசமா அளவுக்கே வரலை. பழைய விலாசத்துக்கே நோட்டீஸ் போயிட்டிருந்திருக்குது."

"பேரு?" என்றாள் ஜீவிதா.

"யுவராஜ். வயசு எழுபத்தொண்ணு. லாரி டிரைவர். கல்யாணம் ஆயிருச்சு, அதனால ஆசையா அப்படிப் பாக்காதே அம்மிணி."

பெஞ்சில் ஓரிருவர் சிரித்தார்கள். யுவராஜ் கோப்பையை டீ குடிப்பதுபோல் குடித்துவிட்டு, ஊரே கேட்க ஏப்பம் விட்டார்.

ஜீவிதாவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. "சாப்பிட்டுட்டா வந்தீங்க?"

"பின்னே? கட்டி லோடு அடிக்கறவன் நான். ஏத்தறப்போ ஒடையறது டிரைவருக்குத்தான். நேத்துப் பொழுதோட ரெண்டு, விடியால ஒண்ணு."

பெஞ்சு மொத்தமும் அவரைத் திரும்பிப் பார்த்தது. முதல் வரிசை ஆள் உச்சுக்கொட்டினார். "பாவம்யா. எழுபத்தொண்ணு வயசுல வயித்தை ரொப்பிக்கிட்டு வந்திருக்குது. இருபதுகூடத் தாண்டாது."

பதினொரு மணிக்கு யுவராஜின் ரத்தச் சொட்டை ஒளிமானியில் வைத்தாள். எழுபத்து நாலு.

ஜீவிதா துடைத்துவிட்டு மறுபடி வைத்தாள். எழுபத்து நாலு. வேறு விரலில் எடுத்தாள். எழுபத்து மூன்று.

ஒன்பது வருடத்தில் அவள் எழுபதைப் பார்த்ததில்லை.

நிலைய மேற்பார்வையாளர் டாக்டர் அக்‌ஷய் வந்து திரையைப் பார்த்தார். ஒல்லியான மனிதர், ஐம்பத்தொன்பது வயது, எப்போதும் அவசரம். "லாரிக்காரன்ல, குடலும் இரும்பா இருக்கும். வெள்ளை அட்டை குடுத்து அனுப்பு. கூட்டம் நிக்குது பாரு."

காய்ந்து வந்த நாற்பது பேரில் அன்று இருபத்து மூன்று பேருக்குப் பழுப்பு. எல்லாரும் யுவராஜைவிட இளையவர்கள். மூக்கைப் பிடித்துக் குடித்த முதல் ஆளுக்கு நாற்பத்து நாலு. அவர் அட்டையை வாங்கிச் சட்டைப் பையில் வைத்து, பையை இரண்டு முறை தட்டிப் பார்த்துக்கொண்டு, வெளியே போனார்.

ஜீவிதா திரையில் யுவராஜின் எண்ணை மறுபடி எடுத்துப் பார்த்தாள். ஒருவேளை... அவள் அந்த நினைப்பை முடிக்கவில்லை. முடிக்கப் பயமாக இருந்தது.

மதிய இடைவேளையில் அவள் சாப்பாட்டுத் தூக்கைத் திறக்காமல் குளிரறைக்குப் போனாள்.

சட்டப்படி அளவு என்பது இரண்டு பாதி. ரத்தத்தில் எவ்வளவு வந்தது என்பது ஒரு பாதி. கழிவில் எவ்வளவு போனது என்பது மறு பாதி. கோப்பை குடித்தவர் மறுநாள் காலைக் கழிவை ஒரு சாடியில் கொண்டுவந்து கொடுக்க வேண்டும். முதல் வருடம் இரண்டையும் பார்த்தார்கள். நாற்றம் தாங்காமல் ஊழியர்கள் முகம் சுளிக்க, அப்போதிருந்த மேற்பார்வையாளர் 'ரத்தமே போதும்' என்று ஒரு வரி எழுதிவைத்தார். அத்தோடு சரி. சாடி வாங்குவது அச்சடித்த விதியில் இருந்தது, அதனால் இன்றும் வாங்கினார்கள். பார்க்கச் சொல்லி யாரும் சொல்லவில்லை, அதனால் யாரும் பார்க்கவில்லை. சனிக்கிழமை தோறும் எரிப்பான் வண்டி வந்து அள்ளிப்போகும்.

இன்று வியாழன். நாலு நாள் சாடிகள் அடுக்கில் இருந்தன.

முந்தானையால் மூக்கை இறுகக் கட்டிக்கொண்டு, கை ஒளிமானியை எடுத்தாள். முதல் சாடி. ஸ்கோர் நாற்பத்தொன்று, பழுப்பு அட்டை. பானை ஓட்டை என்றால் மீதி ஐம்பத்தொன்பது இந்தச் சாடியில் இருக்க வேண்டும்.

ஒளிமானி ஐந்து என்றது.

இன்னொரு பழுப்பு. நாலு. இன்னொன்று. ஏழு. வெள்ளை அட்டைக்காரரின் சாடி ஒன்றை எடுத்தாள். ஐந்து. பத்தொன்பது சாடிகள் பார்த்தாள். வெள்ளைக்கும் பழுப்புக்கும் ஒரு வித்தியாசமும் இல்லை.

ஓட்டையே இல்லை. கொடுத்ததையெல்லாம் குடல் உறிஞ்சியிருக்கிறது. ஆனால் ரத்தத்துக்கு வரவில்லை. அப்படியானால் நடுவில் எங்கே போனது?

பதில் அவள் படித்த பழைய டிப்ளமா பாடத்திலேயே இருந்தது. உடம்பிலேயே அதிகம் தின்கிற உறுப்புகளில் ஒன்று குடல்தான். அதன் உள்தோல் நாலைந்து நாளைக்கொரு முறை உதிர்ந்து புதிதாக முளைக்கும். அதற்கு வேண்டிய அமினோ அமிலத்தை வருகிற வழியிலேயே எடுத்துக்கொள்ளும். மிச்சத்தில் ஈரல் ஒரு பங்கு எடுக்கும். வயதாக ஆக இந்த இரண்டும் எடுக்கும் பங்கு கூடும். அதில் பட்டினி வேறு போட்டால்? பந்தியில் பரிமாற வந்தவனே மூன்று நாள் பட்டினி என்றால், வாளியில் இருப்பது இலைக்கு எப்படி வரும்?

பசித்த குடல் பறிக்கத்தான் செய்தது. தனக்காகப் பறித்தது.

ஜீவிதா குளிரறைச் சுவரில் சாய்ந்தாள். ஒன்பது வருடம். 'நல்லாக் காயப்போட்டுட்டு வாங்க' என்று அவள் காதோடு சொன்ன முகங்கள் வரிசையாக வந்தன. எத்தனை பேர் என்று நினைத்துப் பார்க்க அவளுக்குத் தைரியம் இல்லை. ஒரே ஒரு ஆள்தான் இப்போது நினைவில் நின்றார். வீட்டில், மின்விசிறிக்கடியில், இரண்டு நாளாக வெறும் தண்ணீரோடு கிடக்கிறவர்.

தலைவலி என்று எழுதிக்கொடுத்துவிட்டு மூன்றரை மணிக்கே வீட்டுக்கு ஓடினாள்.

பிரணவ் கட்டிலில் மல்லாந்து கிடந்தார். கலன் ஆலையில் பம்பு மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். இரண்டு நாளில் கன்னம் உள்ளே போயிருந்தது.

"வந்துட்டியா அம்மிணி? மொகட்டுல ஒரு பல்லி ஓடுச்சு. எனக்கு அது கட்டியாட்டவே தெரிஞ்சுது."

"எந்திரிங்க. சாப்பிடோணும்."

"ஆரு?"

"நீங்கதான். ரெண்டு நாள் கட்டி பொட்டியிலதானே இருக்குது? இப்ப ஒண்ணு, பொழுதோட ஒண்ணு, விடியால எம்பட கட்டி."

பிரணவ் எழுந்து உட்கார்ந்தார். அவளை உற்றுப் பார்த்தார். "வேலை செய்யற எடத்துல தலைகீது அடிபட்டுச்சா?"

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். யுவராஜ், எழுபத்து நாலு, பத்தொன்பது சாடிகள். சொல்லி முடித்ததும் அவர் முகம் வெளுத்தது.

"ஒரு லாரிக்காரன் ஏப்பம் விட்டான்னு என்னையத் திங்கச் சொல்றியா? ஊரு மொத்தமும் காயுது. நீயேதான் போன வருசம் காயப்போட்டே. அம்பத்தி மூணு வந்துச்சில்ல?"

"காயாம இருந்திருந்தா அறுபதுக்கு மேல வந்திருக்கும். ஏனுங், நோட்டீஸ்ல என்ன போட்டிருக்குது? எடுத்துப் படிங்க."

"'வழக்கம்போல் உணவருந்தி வரவும்.' தெரியும். அவன் திங்கச் சொல்றான்னாலே அதுல ஏதோ சூது இருக்குதுன்னுதானே ஊரே காயுது? நோட்டீஸுன்னு வந்து எது நமக்கு நல்லது சொல்லியிருக்குது?"

அந்த வரியை எழுதியவன் யாரோ, அறியாமல் நல்லதை எழுதிவிட்டான். யாரும் நம்பவில்லை.

"நீ சொல்றது தப்பாப் போச்சுன்னா?" என்றார் பிரணவ். குரல் இறங்கியிருந்தது.

"எம்பட கட்டியில பாதி உங்களுக்கு."

"பாதி கட்டியில ரெண்டு பேரும் சேந்தே போயிரலாம். நல்ல ஏற்பாடு."

அவள் அடுப்பைப் பற்றவைத்தாள். கட்டியைத் துண்டு போட்டு, மிளகாய்த்தூள் தூவி வாணலியில் வறுத்தாள். வாசம் எழுந்ததும் கதவு தட்டப்பட்டது. ஜீவிதாவின் கை அப்படியே நின்றது.

பக்கத்து வீட்டு சுபிக்‌ஷா. போன ஐப்பசியில் கணவனை இழந்தவள். வாசலில் நின்றபடியே மூக்கை உறிஞ்சினாள்.

"ஏங்க்கா, நாளைக்கு அண்ணனுக்குக் கோப்பைதானே? இந்நேரத்துல ஆருக்கு வறுக்கறே?"

"எனக்குத்தான். மத்தியானம் சாப்பிடலை."

"அவரு மூக்குல படற மாதிரியா வறுப்பே? கல்லு மனசுக்கா உனக்கு." சுபிக்‌ஷா பெருமூச்சு விட்டாள். "எங்க ஊட்டுக்காரரு நாலு நாளு காஞ்சாரு. அப்பவும் நாப்பத்தாறு. கடசி நாளு அரை டம்ளரு மோராட்டக் கஞ்சித் தண்ணி குடுத்துட்டேன், மனசு கேக்காம. அதாலதான் போச்சு. நாந்தான் கெடுத்தேன்."

ஜீவிதா வாயைத் திறந்தாள். அந்தக் கஞ்சித் தண்ணீர் இன்னும் பத்து டம்ளராக இருந்திருந்தால் அவர் ஒருவேளை உயிரோடு இருந்திருப்பார் என்று எப்படிச் சொல்வது?

சுபிக்‌ஷா போனதும் கதவைத் தாழ் போட்டுவிட்டுத் திரும்பினாள். பிரணவ் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். தட்டைக் கையில் வாங்கினார்.

"நாலு நாளு காஞ்சு நாப்பத்தாறு," என்றார். "ஆறு மாசம் அந்த மனுசன் செவுத்தைப் புடிச்சுக்கிட்டு நடந்ததைப் பாத்தேன் ஜீவி. எனக்கு அது வேண்டாம்."

முதல் துண்டை வாயில் போட்டார். மென்றார். கண்ணில் தண்ணீர் வந்தது. காரமா, பயமா என்று அவள் கேட்கவில்லை.

மறுநாள் பிரணவுக்குக் கோப்பை ஊற்றியது அடுத்த மேசை மிருதுளா. சொந்தக்காரருக்குத் தானே ஊற்றக் கூடாது என்பது விதி. ஜீவிதா தன் மேசையில் இருந்தபடி ஓரக்கண்ணால் பார்த்தாள். ஒரே மடக்கு. நல்லது.

முதல் மணி நேரம் போனது. இரண்டாவதில் பிரணவின் நெற்றியில் வியர்வை முத்து முத்தாக அரும்பியது. இரண்டு நாள் சுருங்கிக் கிடந்த வயிற்றில் மூன்று கட்டியும், அதன் மேல் அந்தக் கசப்பும். அவர் கை வாய்க்குப் போனது. தொண்டை ஏறி இறங்கியது.

மூலையில் இருந்த காவலர் நிமிர்ந்து பார்த்தார். கையில் சிவப்புச் சீட்டு. வாந்தி எடுத்தால் அதைத்தான் நீட்டுவார்கள்.

ஜீவிதா எழக் கூடாது. எழுந்தால் கேள்வி வரும். மேசை விளிம்பை நகம் பதியப் பிடித்துக்கொண்டாள். 'முழுங்குங்க. சாமி, முழுங்கிருங்க.' பிரணவ் கண்ணை இறுக மூடினார். கன்னம் உப்பியது. ஒரு கணம். இரண்டு கணம். விழுங்கினார். பக்கத்தில் இருந்தவரிடம் ஏதோ சொல்லிப் பல்லைக் காட்டினார். காவலர் சீட்டை மடித்து வைத்தார்.

பத்து மணிக்கு மிருதுளா சொட்டு எடுத்தாள். திரையைப் பார்த்தவள் திரும்பி ஜீவிதாவைப் பார்த்தாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"அக்கா, அறுபத்தாறு!"

பிரணவ் வெள்ளை அட்டையை இரண்டு கையாலும் வாங்கினார். ஜீவிதா அழுதுவிடுவோம் என்று பயந்து தலையைக் குனிந்துகொண்டாள். அப்போது அவள் தோளில் ஒரு கை பட்டது.

"என் ரூமுக்கு வா," என்றார் டாக்டர் அக்‌ஷய்.

கதவைச் சாத்தினார். "போன வருசம் அம்பத்தி மூணு. ஒரு வயசு கூடி, பதிமூணு ஏறுமா? அந்தாளுக்கு என்ன குடுத்தே? இங்கிருந்து கரைசல் எடுத்துட்டுப் போனியா?"

"இல்லைங்க டாக்டர்."

"பொய் சொன்னா அட்டையை இப்பவே ரத்து பண்ணிருவேன். உன் வேலையும் போயிரும். யோசிச்சுச் சொல்லு."

அவள் யோசித்தாள். மறைத்தால் பிரணவ் போவார். சொன்னால் என்ன ஆகும் என்று தெரியாது. ஆனால் உண்மைக்கு ஒரு பலம் இருக்கும் என்று அவள் நம்பினாள். எல்லாருமே பிழைக்கலாமே. "கட்டி குடுத்தேனுங்க. வேற ஒண்ணுமில்லை. என்கூட வாங்க, காட்டறேன்."

குளிரறையில் அக்‌ஷய் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஒளிமானியைத் தானே வாங்கினார். ஐந்து. நாலு. ஆறு. இருபது சாடி வரை அவர் நிறுத்தவில்லை. பிறகு கவிழ்த்துவைத்த ஒரு வாளியின் மேல் உட்கார்ந்துவிட்டார்.

"எங்கப்பாவுக்கு நாந்தான் கோப்பை குடுத்தேன்," என்றார். "அப்பெல்லாம் சொந்தக்காரருக்கு ஊத்தக் கூடாதுங்கற விதி இல்லை. மூணு நாளு காயப்போட்டு, கைத்தாங்கலாக் கூட்டிட்டு வந்தேன். நாப்பத்தெட்டு."

ஜீவிதா அவர் கையிலிருந்த ஒளிமானியை வாங்கி வைத்தாள்.

"மேல எழுதறேன். எல்லாத்தையும் எழுதறேன். அதுவரைக்கும் ஆர்கிட்டவும் வாயைத் திறக்காதே. எனக்கு மூணு வாரம் குடு."

அந்த மூன்று வாரமும் அவள் கோப்பை ஊற்றினாள். நடுங்கும் கைகளைப் பார்த்தாள். பழுப்பு அட்டைகளை நீட்டினாள். ஒவ்வொரு முறையும் நாக்கின் நுனிவரை வந்த சொல்லை விழுங்கினாள். இன்னும் கொஞ்ச நாள்தான். உத்தரவு வந்தால் எல்லாருக்கும் விடிவு. இப்போது உளறிக் காரியத்தைக் கெடுத்துவிடக் கூடாது.

இருபத்திரண்டாம் நாள் உத்தரவு வந்தது. அறிவிப்புப் பலகையில் அக்‌ஷயே ஒட்டினார். ஒட்டிவிட்டு யார் முகத்தையும் பார்க்காமல் உள்ளே போனார்.

'உண்ணாநிலையில் வருவோரிடம் ஈர்ப்பெண் மேலும் துல்லியமாகத் தெரிவது ஆய்வில் உறுதியாகியுள்ளது. எனவே, அளவு நாளுக்கு முந்தைய மூன்று நாட்களும் நோன்புக் கூடத்தில் கண்காணிப்பின் கீழ்த் தங்குவது இனிக் கட்டாயமாகும். கழிவுச் சாடி பெறும் நடைமுறை இன்றுடன் நிறுத்தப்படுகிறது.'

ஜீவிதா இரண்டு முறை படித்தாள். மூன்றாவது முறை எழுத்துகள் கலங்கின. கதவைத் தட்டாமலே அக்‌ஷயின் அறைக்குள் நுழைந்தாள்.

"நீங்க எழுதலை."

"அத்தனையும் எழுதினேன். அத்தனையும் படிச்சாங்க. ஒருத்தர்கூடத் தப்புன்னு சொல்லலை." அவர் மேசையையே பார்த்துப் பேசினார். "ஒரே ஒரு கேள்விதான் கேட்டாங்க. எல்லாரும் தேறிட்டா கட்டி எங்கிருந்து வரும்?"

"நீங்க என்ன சொன்னீங்க?"

"எனக்கு அடுத்த வருசம் அறுபது. என்ன சொல்லச் சொல்றே?" ஒரு தாளை அவள் பக்கம் தள்ளினார். "அளவு நிலையத்துல வேலை செய்யறவங்களுக்கு இனிமே கோப்பை கிடையாது. விலக்கு. உனக்கும் எனக்கும் சாகறவரைக்கும் வெள்ளை அட்டை. வெளிய பேசமாட்டோம்னு கையெழுத்து மட்டும் போடோணும்."

"எங்க ஊட்டுக்காரருக்கு?"

அக்‌ஷய் முகத்தைத் திருப்பி வெளியே பார்த்தார். ஜன்னல் வழியே, மைதானத்துக்கு அப்பால் ஒரு பழைய கோழிக் கொட்டகைக்குக் கம்பி வலை கட்டிக்கொண்டிருந்தார்கள். நீளமான கொட்டகை. இருநூறு கட்டில் போடலாம். அடுத்த வருடம் அதில் ஒன்றில் பிரணவ் கிடப்பார். மூன்று நாள். வலைக்கு அந்தப் பக்கம் யார் கட்டி கொண்டுபோக முடியும்?

தாளை அங்கேயே விட்டுவிட்டு வெளியே வந்தாள்.

நிலையத்தின் கூடத்தில் ஒரே ஆரவாரம். ஜனங்கள் பலகையைச் சுற்றி மொய்த்திருந்தார்கள். இத்தனை வருடத்தில் அந்தக் கட்டடத்தில் முதல்முறையாகச் சிரிப்பு.

"கடசியில அவனே ஒத்துக்கிட்டான் பாத்தியா? பசிச்ச குடலு பறிக்கும்னு நாம சொன்னப்போ எவன் கேட்டான்?"

"கூடமே கட்டித் தர்றாங்களாமே. ஊட்டுல இருந்தா மனசு கேக்காம எதையாச்சும் வாயில போட்டுருவோம். இது நல்ல ரோசனை."

உறவுக்காரரோடு வந்திருந்த சுபிக்‌ஷா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். அழுகையும் சிரிப்புமாக இருந்தாள். "போன வருசமே கட்டியிருக்கக் கூடாதாக்கா? அந்தக் கஞ்சித் தண்ணியக் குடுத்திருக்க மாட்டேனே. அவரு இருந்திருப்பாரே."

ஜீவிதா கையை விடுவித்துக்கொண்டு தன் மேசைக்குப் போய் உட்கார்ந்தாள். கோப்பை ஊற்றும் நேரம் முடிந்து, அடுத்த மாதத்துக்குத் தேதிச் சீட்டு கொடுக்கும் நேரம். வரிசை நின்றது. முன்னால் ஒரு பெரியவர். அறுபத்தைந்து இருக்கலாம், திடகாத்திரம், தோளில் பச்சைத் துண்டு. இப்படி ஒரு குடலுக்கு, நன்றாகச் சாப்பிட்டு வந்தால் எழுபது நிச்சயம்.

"ஏம்மிணி," என்று குனிந்தார் அவர். ரகசியக் குரல். "மூணு நாளு பத்துங்களா? நான் முன்னாடியே ஊட்டுல ரெண்டு நாளு சேத்துக் காஞ்சுட்டு வந்தா இன்னும் நல்லதில்லீங்களா? நீங்க உள்ளுக்குள்ள இருக்கறவங்க, உங்களுக்குத் தெரியும்."

மேலே கேமரா. உள்ளே கையெழுத்துக்காகக் காத்திருக்கும் தாள். எதிரே அந்த முகம். அவளை முழுசாக நம்பிக் காத்திருந்த முகம்.

"காயாதீங்கண்ணா," என்றாள் ஜீவிதா. குரல் அவளுக்கே கேட்கவில்லை. மறுபடி சொன்னாள். "ஒரு நாளுகூடக் காயாதீங்க. கூடத்துக்குப் போற வரைக்கும் நல்லாச் சாப்பிடுங்க. தினமும் சாப்பிடுங்க. உள்ளயும் எப்படியாச்சும் ஒளிச்சு எடுத்துட்டுப் போய்ச் சாப்பிடுங்க."

பெரியவர் அசையாமல் நின்றார். அவள் கிண்டல் செய்கிறாளா என்று தேடினார். இல்லை என்று தெரிந்ததும் அவர் கண்ணில் மெல்ல ஒன்று ஏறியது. ஒன்பது வருடமாகக் கோப்பை பிடித்த எல்லாருடைய கண்களிலும் அவள் பார்த்திருந்த அதே பயம். இந்த முறை அது அவளைப் பார்த்து.

"நான் உனக்கு என்ன பாவம் பண்ணினேன்?" என்றார். "போன மாசம் உம்பட ஊட்டுக்காரரு அறுபத்தாறு வாங்கினாராமே. அவரையும் இப்படித்தான் திங்கச் சொன்னியா?"

"ஆமாங்கண்ணா. சத்தியமா."

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, அவள் நீட்டிய சீட்டைத் தொடாமல் பின்வாங்கினார். பின்னால் நின்றவரின் காதில் ஏதோ சொன்னார். அவர் தனக்குப் பின்னால் நின்ற பெண்ணிடம் சொன்னார்.

சற்று நேரத்தில் வரிசை கலைந்தது. ஒவ்வொருவராக, ஜீவிதாவின் பக்கம் திரும்பாமல், மிருதுளாவின் மேசைக்கு நகர்ந்தார்கள்.